வன்னி வறுமை: கொடுப்பனவு காணுமா, கொள்கை மாற வேணுமா?

வட்டக்கச்சிக் கமக்காரன்

வறிய குடும்பங்களுக்கு அரசு மாதம் மாதம் கொடுக்கும் அஸ்வெசும பற்றி இந்த இணைய மன்றத்தில் ஏற்கனவே நிறையக் கதைத்தாகிவிட்டது. யாருக்குக் கிடைத்தது, யாருடைய பெயர் வெட்டுப்பட்டது, பக்கத்து வீட்டுக்கு எப்படிக் கிடைத்தது என்பதோடு எல்லா இழையும் நின்று போகிறது. நான் கொஞ்சம் பின்னுக்குப் போய்க் கேட்கிறேன். குளமும் வயலும் கடலும் உள்ள வன்னிச் சனம் மாதக் கொடுப்பனவை எதிர்பார்த்து இருக்கிற நிலைக்கு எப்படி வந்தது?

எனக்குத் தெரிந்த நெல்லில் இருந்து தொடங்குகிறேன். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் உத்தரவாத விலை அறிவித்தது. நாட்டரிசி நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. கேட்க நல்லாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விலைக்கு நெல் சந்தைப்படுத்தும் சபை எடுக்க வேண்டுமென்றால் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் இருக்க வேணும். இப்போது அருவி வெட்டு (நெல் அறுவடை) முழுக்க மெஷின். மெஷினில் இருந்து இறங்குவது பச்சை ஈரநெல். அதைக் காயவைக்கத் தளம் வேணும், இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் வேணும், தறப்பாள் வேணும், இரவுக் காவலுக்கு ஆள் வேணும். எங்கள் பக்கத்தில் தார் றோட்டின் ஒரு கரையில் பரப்பிவிட்டு, மழை இருட்டினால் குடும்பமே ஓடிப்போய்க் குவிக்கிறது. பரப்ப இடமில்லாதவர் என்ன செய்வார்? வயல் வரம்போடு லொறி நிற்கும். மெஷின்காரருக்கு அன்றைக்கே காசு கொடுக்க வேணும், உரக்கடைக்காரர் போன் எடுப்பார், அடைவு வைத்த நகை வங்கியில் கிடக்கும். லொறிக்காரர் சொல்வதுதான் விலை.

கிலோவுக்கு 20 ரூபா குறைத்து விற்றார் என்று வையுங்கள். ஏக்கருக்கு 1,500 கிலோ விளைந்தால் 30,000 ரூபா போய்விட்டது. அஸ்வெசுமவில் வறிய குடும்பத்துக்கு இப்போது மாதம் 10,000. ஆக, ஒரு ஏக்கரிலேயே மூன்று மாதக் கொடுப்பனவு லொறியில் ஏறிப் போகிறது. கமநல சேவை நிலையம் தோறும் ஒரு நெல் உலர்த்தும் இயந்திரமும் சீமெந்துத் தளமும் இருந்தால் பாதிப் பேர் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கவே மாட்டார்கள் என்பது என் எண்ணம். உங்கள் கருத்துகளை எழுதுங்கள்.

வவுனியாப் பட்டதாரி

நல்ல இடத்தில் தொடங்கியிருக்கிறீர்கள் அண்ணை. நான் புள்ளிவிபரப் பக்கத்தைச் சொல்கிறேன். எல்லாம் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிட்டவை.

2012/13 இல் நாடு முழுவதற்கும் வறுமை 6.7 சதவீதம். முல்லைத்தீவில் 28.8, மன்னாரில் 20.1, கிளிநொச்சியில் 12.7, வவுனியாவில் 3.4. வன்னி என்று நாங்கள் ஒரே மூச்சில் சொல்கிறோம், உள்ளுக்குள் இவ்வளவு இடைவெளி. 2016 இல் நாட்டின் வீதம் 4.1 ஆக இறங்கியது. முல்லைத்தீவு 12.7 ஆகக் குறைந்தது. ஆனால் கிளிநொச்சி 18.2 ஆக ஏறியது. ஏ9 வீதி புதிதாகப் போட்டு, 2014 இல் யாழ்ப்பாணம் வரை ரயிலும் விட்டு, வங்கிக் கிளைகள் வரிசையாகத் திறந்த பிறகுதான் இந்த ஏற்றம். வீதி வந்தால் வறுமை போகும் என்று சொன்னவர்கள் இந்த எண்ணைப் பார்க்க வேணும்.

2019 ஆய்வுக்குப் பழைய வறுமைக் கோட்டை விட்டுவிட்டுப் புதிய கோடு போட்டார்கள். நாட்டுக்கு 14.3 சதவீதம் வந்தது. முல்லைத்தீவுக்கு 44.5. இலங்கையிலேயே அதுதான் கூட. கோடு வேறு என்பதால் 12.7 இல் இருந்து 44.5 ஆக ஏறியது என்று எடுக்கக் கூடாது, அது பிழை. எனக்கு அது சொல்வது வேறு. பழைய கோட்டுக்கு மேலே நின்றதாகக் கணக்கிட்ட சனத்தில் பெரிய பங்கு, கோட்டோடு ஒட்டித்தான் நின்றது. கோட்டைக் கொஞ்சம் உயர்த்தியதும் அப்படியே கீழே வந்துவிட்டார்கள். இப்படி நிற்கிற ஒரு மாவட்டத்தில் கொள்கை முடிவு ஒன்று பிழைத்தால் சேமிப்பும் இல்லை, தாங்குவதற்கு ஆளும் இல்லை.

பிழைத்தும் போனது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை, நவம்பரில் தடையை எடுத்தார்கள், அதற்குள் காலபோகம் (மாரி நெற்செய்கை) விதைத்தாகிவிட்டது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுக்கு 94.9. முல்லைத்தீவுக்கு அது என்ன செய்திருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

இந்த எண்களுக்குள் இருக்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் பார்க்கிறேன். 2022 இல் காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டுபோய்த் தேநீர் கொடுத்திருக்கிறோம். ஆனால் நான் எழுத வந்தது கடன் பற்றி.

சண்டை முடிந்து சனம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து வந்து குடியேறியபோது கையில் ஒன்றுமில்லை. அரச வங்கிக்குப் போனால் காணிப் பத்திரம் கேட்டார்கள், அரச உத்தியோகத்தர் இருவரைப் பிணை கேட்டார்கள். அந்த நேரம் ஒன்றும் கேட்காமல் வாசலுக்கே வந்தது நுண்கடன் கம்பனிகள்தான். ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு குழு, கிழமைக்கு ஒருநாள் ஒரு வீட்டில் கூட்டம், ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேணும். கட்டாதவளின் வாசலில் வந்து நிற்பது அவளுடைய சொந்தச் சிநேகிதிதான், ஏனென்றால் அவளுக்கும் வீட்டுக்குப் போக முடியாது. பொழுதுபட்டும் வசூல்காரர் எழும்பாமல் இருப்பார். வசூல் நாளில் சில பிள்ளைகள் பள்ளிக்கூடம் வராது. அம்மா வீட்டில் இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பிள்ளை வீட்டில் நிற்க வேணும்.

ஒரு கம்பனிக் கடனைக் கட்ட இன்னொன்று, அதைக் கட்ட மூன்றாவது. 2018 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் வெளிநாட்டுக் கடன் தொடர்பான நிபுணர் யுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி வந்து பார்த்துவிட்டு, 220 சதவீதம் வரை வட்டி வாங்கப்படுவதாகவும் பெண்களிடம் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவதாகவும் சொன்னார். அதே ஆண்டுதான் அரசு 35 சதவீத வட்டி உச்சவரம்பையும், வரட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்குக் குறைந்த, தவணை தப்பிய கடன்களுக்குத் தள்ளுபடியையும் கொண்டுவந்தது. கொஞ்சப் பேர் மூச்சுவிட்டார்கள். ஆனால் அவர்கள் ஏன் அந்தக் கம்பனியிடம் போனார்கள் என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. அரச வங்கியின் வாசல் இன்றும் அதே பத்திரத்தைத்தான் கேட்கிறது.

மலையாளபுரத்தான்

வட்டக்கச்சி அண்ணை, மனம் நோகாமல் வாசியுங்கள். நீங்கள் எழுதியது முழுக்க வயல் உள்ளவருடைய வறுமை. எங்களுக்கு வயலே இல்லை.

எங்கள் அப்பப்பா 1977 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டில் இருந்து வந்தவர். எங்களைப் போலவே வந்து கிளிநொச்சியைச் சுற்றி இருக்கிற குடும்பங்கள் ஏராளம். குடியிருக்க ஒரு துண்டுக் காணி கிடைத்தது, குளத்தின் கீழே வயல் கிடைக்கவில்லை. இரணைமடுவுக்குக் கீழே இருபதாயிரம் ஏக்கருக்கு மேல் வயல், அதில் வேலை செய்தது எங்கள் ஆட்கள். கோடைச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்துத் தண்ணீர் பிரிக்கும்போது அந்தக் கூட்டத்தில் எங்களுக்குக் கதிரை இல்லை, ஏனென்றால் வயல் இல்லை.

அருவி வெட்டு, கட்டுத் தூக்கு, சூடடிப்பு என்று அம்மாவுக்கு மாசி பங்குனியில் கூலியும் கிடைக்கும், நெல்லும் கிடைக்கும். அது ஆறேழு மாதச் சோறு. மெஷின் வந்து அந்த வேலை முழுக்கப் போய்விட்டது. மெஷின் வாங்கியவருக்கு லீசிங் கிடைத்தது. வேலை போனவருக்கு என்ன கிடைத்தது? இப்போது நீங்கள் நெல் விலையைக் கூட்டச் சொல்கிறீர்கள். கூட்டினால் நான் கடையில் வாங்கும் அரிசியின் விலை ஏறும். எனக்கு அஸ்வெசும 10,000 தான் அரிசி. அதைச் சின்னக் காசு என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

வட்டக்கச்சிக் கமக்காரன்

தம்பி, நீங்கள் சொல்வது உண்மை. அந்தக் கூட்டங்களில் நானும் இருக்கிறவன்தான், கூலிக்காரர் பற்றி அங்கே யாரும் வாய் திறப்பதில்லை. கொடுப்பனவை நிற்பாட்டச் சொல்லவில்லை. நெல் விலை ஏறாமலே, ஈரநெல்லைக் காயவைக்க வசதி இருந்தாலே கமக்காரருக்கு 20 ரூபா கூடக் கிடைக்கும். அது கடை அரிசி விலையில் ஏறாது, இடையில் நிற்பவர் பையில் இருந்துதான் வரும். ஆனால் வேலை போனதற்கு என்னிடம் பதில் இல்லை.

முல்லைக்கரை

கடலையும் சேருங்கள். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாவில் இருந்து 340 ரூபாவுக்குப் போனது. ஒரு படகு ஒருமுறை தொழிலுக்குப் போய்வர 20 லீற்றர் என்றால் 5,000 ரூபாவுக்கு மேல் கூடுதல் செலவு. மீன் பட்டாலும் படாவிட்டாலும் அது எரிந்துவிடும். பிறகு விலை குறைந்தது, பழைய விலைக்கு வரவே இல்லை. மானிய விலை எண்ணெயால் களவு நடக்கிறது என்று காரணம் சொன்னார்கள். களவைப் பிடிக்க வழி பார்க்காமல் எங்களுடைய தொழிலை மூடினார்கள்.

பெரிய படகுக்காரர் டீசல். சின்ன வெளியிணைப்பு இயந்திரம்தான் மண்ணெண்ணெய். ஆக யாருக்கு விழுந்தது என்று பாருங்கள். இந்திய இழுவைப் படகும் வெளிச்சம் பாய்ச்சிப் பிடிப்பதும் தனிக் கதை. இழுவைமடிக்கு 2017 இல் சட்டம் போட்டுத் தடை வந்தது, கடலில் தடை தெரியவில்லை.

ஸ்காபரோத் தம்பி

நான் உருத்திரபுரத்தில் பிறந்தவன், இப்போது கனடாவில். எல்லோரும் அரசு தரவில்லை என்று எழுதுகிறீர்கள். அரசை நம்பி எத்தனை காலம் இருப்பது? நாங்கள் இங்கிருந்து காசு போடத் தயார். பண்ணை, பழச்சாறு, பால் பதனிடல் என்று ஏதாவது தொடங்கினால் நூறு பேருக்கு வேலை வரும். கொடுப்பனவு ஆட்களைச் சோம்பேறி ஆக்கும் என்பது என் அபிப்பிராயம். வெளிநாட்டுக் காசு வரும் வீட்டிலேயே அதைப் பார்க்கிறோம்.

விசுவமடுப் பெரியவர்

கனடாத் தம்பிக்கு ஒன்று சொல்ல வேணும். சோம்பேறி என்ற சொல்லை வன்னியில் பாவிக்காதையுங்கோ.

நான் படித்த வாலிபர் திட்டத்தில் காணி எடுத்து இங்கே வந்தவன். காடு வெட்டி, கிணறு வெட்டி, மிளகாய் வைத்தோம். 1970 இல் சிறிமா அம்மையாரின் அரசு வந்து மிளகாய், வெங்காய இறக்குமதியை இறுக்கியது. அந்தச் சில வருசத்தில் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் காசு புரண்டதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மிளகாய்ச் சாக்கை ஏற்றிக்கொண்டு போனால் ரக்ரரோடு திரும்பலாம் என்ற காலம். மண் வீடு கல் வீடாகியது, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். 1977 இல் ஜே.ஆர். ஜயவர்த்தன ஆட்சிக்கு வந்து இறக்குமதியைத் திறந்துவிட்டார். விலை விழுந்தது. அதே மண், அதே கிணறு, அதே ஆட்கள். நாங்கள் 1976 இல் உழைப்பாளியாகவும் 1978 இல் சோம்பேறியாகவும் மாறவில்லை. கொழும்பில் எழுதிய ஒரு கடதாசிதான் மாறியது.

அந்த மூடிய பொருளாதாரத்தில் பட்டணத்துச் சனம் பாணுக்கு வரிசையில் நின்றதும் எனக்குத் தெரியும். ஒருவருக்கு வாழ்வு, இன்னொருவருக்குத் தட்டுப்பாடு. அதனால் முழுதாக மூடச் சொல்லவில்லை. எங்கள் அறுவடை சந்தைக்கு வருகிற கிழமைகளிலாவது இறக்குமதி வரியை உயர்த்தி வைத்திருக்கச் சொல்கிறோம். இப்போது நடப்பது தலைகீழ். வெங்காயம் கிண்டுகிற நேரத்தில் கப்பலும் வரும். தம்பி பண்ணை தொடங்கினாலும் அவருக்கும் இதுதான் நடக்கும்.

ஸ்காபரோத் தம்பி

ஐயா, அந்தச் சொல்லை எடுத்துவிடுகிறேன். 1977 விசயம் எனக்குத் தெரியாது, எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

கொக்குத்தொடுவாய்

நீங்கள் எல்லோரும் இருக்கிற காணியில் எப்படி வாழ்வது என்று கதைக்கிறீர்கள். எங்களுக்குக் காணியே கேள்வி. 1984 இல் ஊரைவிட்டு எழுப்பப்பட்டோம். 1988 இல் அந்தப் பகுதி மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் எல் வலயம் என்று வர்த்தமானியில் (அரசிதழில்) வந்தது. திரும்பி வந்து பார்த்தால் எங்கள் வயலை வேறு ஆட்கள் விதைக்கிறார்கள், அவர்கள் கையில் மகாவலிப் பத்திரம் இருக்கிறது, எங்கள் கையில் பழைய அனுமதிப்பத்திரம். சில பேருக்கு அதுவும் இல்லை, இடப்பெயர்வில் பெட்டியோடு போய்விட்டது. மற்றப் பக்கம் வனவளத் திணைக்களத்தின் எல்லைக் கல். முப்பது வருசம் ஆள் இல்லாமல் விட்டால் வயலில் காடு வளரத்தான் செய்யும், வரைபடத்தில் அது காடாகிவிட்டது.

2025 மார்ச்சில் வந்த வர்த்தமானியை மறந்துவிடாதீர்கள். வடக்கில் 5,941 ஏக்கர், அதில் முல்லைத்தீவில் 1,703, கிளிநொச்சியில் 515, மன்னாரில் 54. மூன்று மாதத்துக்குள் உரிமை காட்டாவிட்டால் அரச காணி என்று சொன்னது. எதிர்ப்பும் உயர்நீதிமன்ற வழக்கும் வந்த பிறகு அரசு அதை மீளப் பெற்றது. அந்த மூன்று மாதமும் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளும் இங்கே இருக்கிற கிழவர்களும் பழைய உறுதி தேடி அலைந்தார்கள். பத்திரத்தைத் தொலைத்தது சனத்தின் கவலையீனம் இல்லை. ஓடின பாதையில் என்னத்தைத்தான் காப்பாற்றுவது?

மட்டுறுத்துநர்

இழை நன்றாகப் போகிறது. குறிப்பிட்ட அலுவலர்களின் பெயர், தொலைபேசி எண் போட்டு எழுதிய இரண்டு பதில்களை நீக்கியிருக்கிறேன். முறைப்பாடு இருந்தால் பெயர் இல்லாமல் எழுதுங்கள்.

வவுனியாப் பட்டதாரி

வரியைப் பற்றியும் ஒன்று. 2019 கடைசியில் பெறுமதி சேர் வரியை 15 இல் இருந்து 8 சதவீதமாக வெட்டினார்கள், வருமான வரியையும் குறைத்தார்கள். அந்தச் சலுகையில் பெரும்பங்கு யாருக்குப் போயிருக்கும்? கூடச் செலவழிக்கிறவருக்கும் கூட உழைக்கிறவருக்கும். அரசின் வருமானம் விழுந்தது, நாடு கடனில் மூழ்கியதற்கு அது ஒரு காரணம். பிறகு சர்வதேச நாணய நிதியத்தோடு 2023 மார்ச்சில் ஒப்பந்தம், 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 18 சதவீதம். அதுவரை விலக்கு இருந்த டீசலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் அதோடு வரி வந்தது. டீசலில்தான் உழவு, டீசலில்தான் அருவி வெட்டு மெஷின். 2022 ஓகஸ்டில் சராசரி 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின் கட்டணம் ஏறியது. வீட்டுக்கிணற்றில் மோட்டர் போட்டுக் கத்தரி மிளகாய் வைத்தவர்கள் எத்தனை பேர் கைவிட்டார்கள் என்று உங்கள் ஊரிலேயே எண்ணிப் பாருங்கள்.

2016 ஆய்வின்படி நாட்டின் வீட்டு வருமானத்தில் 50.8 சதவீதம் மேல்தட்டு ஐந்தில் ஒரு பங்கிடம், 4.8 சதவீதம் அடித்தட்டு ஐந்தில் ஒரு பங்கிடம். இவர்கள் இருவரும் ஒரு லீற்றர் டீசலுக்குக் கட்டும் வரி ஒன்றுதான். அடித்தட்டுக்காரர் அஸ்வெசுமவாக வாங்கும் காசில் ஒரு பங்கைக் கடையில் வரியாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

அஸ்வெசும தெரிவு முறையைப் பற்றி யாரும் தொடவில்லை, அதையும் எழுதுகிறேன். கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்பம் என்று ஆறு வகையில் 22 அளவுகோல் வைத்துப் புள்ளி போடுகிறார்கள். முன்பு இருந்த சமுர்த்தி உதவித் திட்டத்தில் அரசியல்வாதி சொன்னவருக்குக் கொடுத்தார்கள், அதைவிட இது நல்லது என்று நானும் 2023 இல் நினைத்தேன், இன்றும் அந்த வகையில் நல்லதுதான். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகள் எப்படி வந்தவை? இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சம் கொடுத்தார்கள். அந்தக் காசு காணாமல் மேற்கொண்டு கடன்பட்டுக் கட்டி முடித்தார்கள். கல் சுவர், ஓட்டுக் கூரை, சீமெந்துத் தரை. உள்ளே போனால் ஒரு பாயும் இரண்டு சட்டியும். படிவத்தில் வீடு நல்ல வீடு. அந்த வீட்டைக் கட்டப் பட்ட கடனுக்கு 22 அளவுகோலில் இடம் எங்கே?

இன்னொரு ஏற்றத்தாழ்வு நான் தினமும் பார்ப்பது. சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் முன்பள்ளிகள் இருக்கின்றன, அதே திணைக்களத்தின் பண்ணைகளில் முன்னாள் போராளிகளும் கணவரை இழந்த பெண்களும் வேலை செய்கிறார்கள். அந்த முன்பள்ளி ஆசிரியைக்கு அரச சம்பளம். அடுத்த ஒழுங்கையில் ஊர்ச் சங்கம் நடத்தும் முன்பள்ளி ஆசிரியைக்குச் சின்னக் கொடுப்பனவு. இருவரும் ஒரே வயதுப் பிள்ளைக்கு அதே பாட்டைத்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். குடும்பத்துக்காக அங்கே போனவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் பெண்களுக்கு நிரந்தரச் சம்பளம் வேண்டுமென்றால் பாதுகாப்பு அமைச்சின் கீழ்தான் போக வேணும் என்று வைத்திருப்பது சரியா? அந்தக் காசைக் கல்வித் திணைக்களத்துக்கோ மாகாண சபைக்கோ கொடுத்திருக்கலாம்.

கரைச்சி

நான் முன்பு வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். ரீச்சர், கொக்குத்தொடுவாய், மலையாளபுரத்தார் மூவரும் எழுதியதைப் பொருத்திப் பார்த்தால் ஒரே இடத்துக்குத்தான் வருகிறது. அரசு கமக்காரருக்கு என்று தருவது எல்லாமே காணிப் பத்திரம் வழியாகத்தான் போகிறது. இப்போது ஹெக்டேயருக்கு 25,000 ரூபா உர மானியம். கமநல சேவை நிலையத்தில் யார் பெயரில் வயல் பதிவோ அவருக்கு. குத்தகைக்கு விதைப்பவர் பலருக்கு அது கையில் வருவதில்லை. பயிர் அழிந்தால் இழப்பீடும் அப்படி. வங்கிக் கடனும் அப்படி, தண்ணீர்க் கூட்டத்தில் வாக்கும் அப்படி. பத்திரம் உள்ளவருக்கு அரசின் நாலு வாசலும் திறக்கும், இல்லாதவருக்குக் கொடுப்பனவும் நுண்கடனும் மட்டும். ஒரே போகத்தில் ஒரே வயலில் நிற்கும் இருவருக்கு இடையில் இடைவெளி இப்படித்தான் பெருக்கிறது.

இதில் மிகவும் அடிபட்டது கணவர் காணாமற் போன பெண்கள். வன்னியில் பெரும்பாலான காணி 1935 காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. பத்திரம் கணவர் பெயரில். இறப்புச் சான்றிதழ் எடுத்தால் அவர் இறந்துவிட்டார் என்று தானே கையெழுத்து வைப்பதாக நினைத்துப் பல பெண்கள் எடுக்கவில்லை. அது அவர்களுடைய உரிமை. 2016 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு காணாமற் போனமைக்கான சான்றிதழ் எடுக்கலாம், ஆனால் அதோடு காணி அவர்கள் பெயருக்கு வந்துவிடுவதில்லை. என்னிடம் கடன் கேட்டு வந்த ஒரு அம்மா இரண்டு ஏக்கரைத் தனியே நின்று செய்கை பண்ணியவர். விதைநெல், உரம், கூலி எல்லாக் கணக்கும் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பியில் கோடு போட்டு எழுதி வைத்திருந்தார். அந்தக் கொப்பியை விட நல்ல கடன் விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. பத்திரம் அவர் பெயரில் இல்லை என்று மேலிடம் திருப்பி அனுப்பியது. அவர் நுண்கடன் எடுத்தார்.

மலையாளபுரத்தான்

கரைச்சி அண்ணை சொன்னது சரி. அப்படியென்றால் என்னைப் போல் பத்திரமே எழுதப்படாதவருக்கு என்ன வழி என்றும் சொல்லுங்கள். மாத ஆகக் குறைந்த சம்பளத்தை 2025 ஏப்ரலில் 27,000 ஆக்கினார்கள். நல்ல விசயம், கார்மென்ற்ஸ் போகும் எங்கள் பிள்ளைகளுக்கு அது உதவும். கூலிக்குப் போகும் அம்மாவுக்கு மாதச் சம்பளமே இல்லை. கூலி வேலைக்கும் ஒரு கணக்கு வேணும். வாய்க்கால் துப்புரவு, குளக்கட்டுத் திருத்தம் எல்லாம் ஒப்பந்தகாரரின் பெக்கோ மெஷினுக்குப் போகிறது. அதில் ஒரு பங்கையாவது கைவேலையாக வயலில்லாத குடும்பங்களுக்கு ஒதுக்கினால், மெஷினால் போன மாசி பங்குனிக் கூலி வேறு மாதத்தில் திரும்பி வரும்.

வட்டக்கச்சிக் கமக்காரன்

இதைத்தான் நான் தேடினேன் தம்பி. வாய்க்கால் துப்புரவு வேலையை எங்கள் கமக்காரர் அமைப்பே பொறுப்பெடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் நான் எழுத்தில் கேட்கிறேன், நீங்களும் உங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் இருந்து ஒரு கடிதம் தாருங்கள். குத்தகைக்காரர் பெயரையும் உர மானியப் பதிவில் சேர்க்க வேணும் என்று அதே கடிதத்தில் போடலாம். உலர்த்தும் இயந்திரத்துக்கு மாகாண விவசாயத் திணைக்களத்திடமும் பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவிலும் கேட்க வேணும். கனடாத் தம்பி, பழச்சாறுக்கு முதல் இந்த இயந்திரம் ஒன்றுக்கு உங்கள் ஊர்ச் சங்கம் பங்கு போடுமா? அரசு பாதி, அமைப்பு கால், நீங்கள் கால் என்றாலும் தொடங்கலாம்.

ஸ்காபரோத் தம்பி

கேட்டுச் சொல்கிறேன் அண்ணை. விலைப்பட்டியலும் எத்தனை தொன் காயவைக்கலாம் என்ற விபரமும் தந்தால் கூட்டத்தில் வைக்கலாம்.

கரைச்சி

அனுமதிப்பத்திரம் உள்ளவர்களுக்கு ஒரு அவசர வேலை. உங்கள் பத்திரத்தின் பின்பக்கத்தில் பின்னுரித்தாளர் (உங்களுக்குப் பிறகு காணி பெறுபவர்) பெயர் பதிந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இல்லாவிட்டால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பதியுங்கள். முன்பு பெயர் பதியாமல் இறந்தால் ஆண்பிள்ளைக்குத்தான் முன்னுரிமை என்று சட்டம் இருந்தது, 2022 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். பெயர் பதியும்போது பெண்பிள்ளை பெயரிலும் போடலாம். நடமாடும் சேவை வரும்போது அடையாள அட்டைப் பிரதி, பழைய பத்திரம், கிராம அலுவலரின் கடிதம் மூன்றையும் கொண்டு போங்கள். பத்திரம் தொலைந்தவர்கள் காணிப் பேரேட்டில் பெயர் இருக்கிறதா என்று முதலில் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சில் கேட்டால் நாளைக்கு வா என்பார்கள். கடிதத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகத் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

புதுக்குடியிருப்பு ரீச்சர்

கணவர் காணாமற் போனவர்களுக்கு அந்தக் கடிதத்தை எழுத உதவி வேண்டுமென்றால் எனக்குத் தனிமடல் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு இருந்து எழுதித் தருகிறேன்.